பெருவிரல் எலும்பு ஆபரேஷன்: திறந்து செய்வதா, துளை வழியாகச் செய்வதா?

எங்கள் அம்மாவின் செருப்புகள் எல்லாமே ஒரே இடத்தில்தான் பிய்யும். பெருவிரலுக்குக் கொஞ்சம் கீழே, மற்றக் காலைப் பார்த்த பக்கம். தெருமுனையில் செருப்பு தைப்பவர் தைத்துக் கொடுப்பார். மூன்று மாதத்தில் மறுபடியும் அங்கேயே விட்டுப்போகும். அந்த இடத்தில் அம்மாவின் எலும்பு கோலிக்குண்டு மாதிரிப் புடைத்திருக்கும். பெருவிரல் சாய்ந்து அடுத்த விரலுக்கு அடியில் நுழைந்திருக்கும். மெட்டி போட்ட விரல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதே கால் அக்காவுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அக்காவுக்கு 2017-இல் வலது காலைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு 2023-இல் இடது காலில் சின்னத் துளைகள் வழியாகச் செய்தார்கள். அக்காவுக்கு ஆறு வாரம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். என் முறை வந்தபோது அவள் வந்து இருந்தாள். அதனாலேயே தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலர் போன் செய்து "எது நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியை, டாக்டர் இல்லை. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் ஒரு வருஷம் இதையே படித்தேன், மூன்று எலும்பு டாக்டர்களைப் பார்த்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இதற்கு ஆங்கிலப் பெயர் பன்யன், டாக்டர்கள் சீட்டில் எழுதுவது ஹாலக்ஸ் வால்கஸ். முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அந்தப் புடைப்பு புதிதாக முளைத்த எலும்பு கிடையாது. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது, முதல் மெட்டாடார்சல் என்று பெயர். அது பக்கத்து எலும்புகளை விட்டு விலகி உள்பக்கமாகப் போகிறது. விரல் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டும் சேர்கிற மூட்டு, மடக்கின முழங்கை மாதிரி வெளியே துருத்துகிறது. நாம் பார்ப்பது அந்த முனையைத்தான்.

"துருத்துகிற எலும்பைச் சீவிவிட்டால் போதாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். போதாது. சீவினால் மேடு குறையும், சாய்வு அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் மேடும் திரும்பி வரும். எலும்பை வெட்டி, நகர்த்தி, நேராக வைத்துப் பொருத்தினால்தான் சரியாகும். திறந்து செய்தாலும் துளை வழியாகச் செய்தாலும் உள்ளே நடக்கிற வேலை இதுதான். தோலில் போடுகிற கீறல்தான் சின்னது, எலும்பில் போடுகிற வெட்டு சின்னது இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரேயில் அளக்கிறார்கள். படுக்கவைத்து எடுத்த படத்தில் உடம்பின் எடை பாதத்தில் இறங்காது, சாய்வு குறைவாகத் தெரியும். நான் முதலில் போன இடத்தில் படுக்கவைத்துத்தான் எடுத்தார்கள், அந்தப் பணம் வீண். விரலுக்கும் அந்த நீள எலும்புக்கும் நடுவில் உள்ள கோணம் 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவில் 9 டிகிரிக்குள் இருக்க வேண்டும். விரல் 40 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்திருந்தால் கடுமையான நிலை. அக்காவுக்கு 38, எனக்கு 27. நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு வழியில் போனதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம்.

ஆபரேஷனே வேண்டுமா என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. வலி இல்லை, செருப்பு போட முடிகிறது, நடக்க முடிகிறது என்றால் வேண்டாம். பார்க்க அழகாக இல்லை என்பதற்காக எலும்பை வெட்டிக்கொள்வதை நான் பார்த்த நல்ல டாக்டர்கள் யாரும் ஆதரிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகும் விரலில் கொஞ்சம் இறுக்கமோ வலியோ மிச்சமிருக்கலாம். வலியே இல்லாத காலில் அதைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பானேன்? இணையத்தில் விற்கிற விரல் பட்டை, சிலிகான் இடைச்செருகல் எல்லாம் உரசலைக் குறைக்கும். பெரியவர்களின் எலும்பை அவை நேராக்காது. பின்லாந்தில் 209 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குச் செருப்புக்குள் வைக்கும் தாங்கி, ஒரு பிரிவைச் சும்மா காத்திருக்கவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2001-இல் வெளிவந்தது. தாங்கி வைத்தவர்களுக்குச் சில மாதங்கள் சுகம் தெரிந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் வலியோடு வந்தவர்கள்.

சரி, வலி இருக்கிறது, செருப்பை மாற்றிப் பார்த்தாயிற்று, ஆபரேஷன்தான் என்று வைத்துக்கொள்வோம்.

திறந்து செய்வதில் ஒரே முறை என்று கிடையாது. இந்தக் கோளாறுக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதிகம் செய்வது சிலதுதான். செவ்ரான் என்றால் எலும்பின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் படுத்த 'V' போல ஒரு வெட்டு. லேசான, நடுத்தரச் சாய்வுக்கு இது. ஸ்கார்ஃப் என்றால் எலும்பின் நீளவாக்கில் 'Z' போல வெட்டுவது. தச்சர்கள் இரண்டு உத்திரக் கட்டைகளை நீளவாக்கில் ஒன்றோடொன்று கவ்வவைக்கும் பொருத்தின் பெயர்தான் இதற்கும். கவ்வியிருக்கும் பரப்பு பெரியது என்பதால் நகராமல் நிற்கும். அதோடு பல சமயம் பெருவிரலின் முதல் எலும்பில் ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டை எடுத்து விரலையும் நேராக்குவார்கள், அது ஏகின். பாதத்தின் நடுவில் உள்ள மூட்டே தளர்ந்து ஆடினால், லேப்பிடஸ் என்று அந்த மூட்டையே நிரந்தரமாக இணைத்துவிடுவார்கள்.

அக்காவுக்கு ஸ்கார்ஃபும் ஏகினும். பாதத்தின் உள்ஓரத்தில் என் ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் கீறல். டிரெஸ்ஸிங் மாற்றுகிற அன்று பார்த்தேன், வெள்ளை நூலால் வரிசையாகத் தையல், சுற்றிலும் அயோடின் மஞ்சள், பாதம் முழுக்க உப்பி விரல்களுக்கு நடுவில் இடைவெளியே இல்லை. பதினாலாவது நாள் தையல் பிரித்தார்கள். இன்று அந்தத் தழும்பு மெல்லிய கோடாக இருக்கிறது. அதன் மேல் ஒரு ரூபாய் அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது என்கிறாள். கட்டாகப் பிடிக்கிற பெல்லி ஷூவை அவள் மறந்துவிட்டாள். ஆனால் ஏழு வருஷத்துக்கு மேல் ஆகியும் விரல் நேராகவே நிற்கிறது. திறந்து செய்வதன் பெரிய பலம் இதுதான்: டாக்டர் எலும்பையும் மூட்டையும் கண்ணால் பார்த்துச் செய்கிறார், பல பத்தாண்டுகளாகச் செய்து பழகிய வேலை, என்ன தப்பு நடக்கும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் தெரிந்த பாதை.

துளை முறையைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இது லேசர் இல்லை. எனக்குக் காட்டிய ஒரு விளம்பர நோட்டீஸில் "லேசர் சிகிச்சை, அன்றே நடக்கலாம், மறுநாள் வேலைக்குப் போகலாம்" என்று போட்டிருந்தது. மூன்றுமே மனதை ஏமாற்றுகிற பேச்சு. உண்மையில் பயன்படுவது பர் என்ற சுழலும் கருவி, தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். பல் டாக்டர் வைத்திருப்பதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் வேகம் மிகவும் குறைவு, விசை அதிகம். 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை உள்ள நாலைந்து துளைகளைப் போட்டு, அதன் வழியே பர்ரைச் செலுத்தி, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே எலும்பை வெட்டுகிறார்கள். வெட்டின தலைப்பகுதியை வெளிப்பக்கமாகத் தள்ளி நேராக்கி, நீளமான ஸ்க்ரூ இரண்டைச் சாய்வாகச் செலுத்திப் பிடிக்கவைக்கிறார்கள்.

இதில் கண் பார்க்காது, கைதான் உணர வேண்டும். அதனால் கையின் பழக்கத்துக்குத்தான் இங்கே விலை. பர் சுழலும்போது சூடு பிறக்கும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிஷம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் சேதமாகத் தொடங்கும் என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். அதனால் வேகத்தைக் குறைத்து, குளிர்ந்த உப்புநீரை ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். ரத்தம் ஓடினால் அதுவும் குளிர்விக்கும் என்று பல டாக்டர்கள் காலில் இறுக்குப் பட்டை கட்டாமலே செய்கிறார்கள். அப்புறம், திறந்து செய்யும்போது வெட்டுகிற ரம்பத்தின் பல் எடுக்கிற எலும்பு ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. பர் தன் தடிமன் அளவு எலும்பைத் தூளாக்கிவிடும். அந்த அளவுக்கு எலும்பு குட்டையாகும். குட்டையானால் எடை பக்கத்து எலும்பின் மேல் போய் இரண்டாவது விரலுக்கு அடியில் வலிக்க ஆரம்பிக்கும். வெட்டுகிற கோணத்தைச் சாய்த்து இதை ஈடுகட்டத் தெரிந்தவர்தான் நல்ல கைகாரர்.

இந்த முறைக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. முதல் தலைமுறையில் வெட்டிவிட்டு ஸ்க்ரூ எதுவும் போடாமல் கட்டு மட்டும் கட்டி அனுப்பினார்கள். அடுத்து, ஆஸ்திரியாவின் போஷ் பரப்பிய முறையில் விரல் ஓரமாக ஒரு கம்பியைச் செருகிப் பிடித்துவைத்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியைப் பிறகு உருவ வேண்டும். எலும்பு நகர்ந்துபோவது, கம்பி வழியாகக் கிருமி நுழைவது என்று தொல்லைகள் வந்தன. இங்கிலாந்தின் நைஸ் என்ற சுகாதார வழிகாட்டு அமைப்பு 2010-இல் இந்த முறைகளுக்கான சான்றுகள் குறைவாகவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமலும் இருப்பதாகச் சொல்லி, தனிக் கண்காணிப்போடு மட்டுமே செய்ய வேண்டும் என்றது. பிரான்ஸின் வெர்நுவாவும் பிரிட்டனின் ரெட்ஃபெர்னும் ஸ்க்ரூ வைத்துப் பிடிக்கிற மூன்றாம் தலைமுறை முறையைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2024-இல் நைஸ், உள்ளே ஸ்க்ரூ வைத்துச் செய்கிற துளை முறையை வழக்கமான ஏற்பாடுகளோடே செய்யலாம் என்று தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. ஆகவே உங்கள் டாக்டர் துளை முறை என்று சொன்னால் "ஸ்க்ரூ போடுவீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.

என் ஆபரேஷன் முதுகில் மரப்பு ஊசி போட்டு நடந்தது. பாதத்துக்கு மேலே பச்சைத் துணி மறைப்பு. வலி இல்லை. ஆனால் பர் எலும்பில் இறங்கும்போது ஓர் அதிர்வு இடுப்பு வரைக்கும் வந்தது, அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முடிந்ததும் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எலும்பின் தலை அதன் தண்டை விட்டுப் பாதிக்கு மேல் தள்ளி நின்றது, இரண்டு ஸ்க்ரூதான் பாலம். நான் பயந்துபோனேன். "அந்த இடைவெளியில புது எலும்பு வந்து நிரம்பும்மா, அஞ்சாறு மாசம் கழிச்சு இதே படத்தைப் பாருங்க" என்றார். மூட்டின் உறையைத் திறக்காமல் வெளியிலேயே வெட்டுவதாலும், சுற்றியுள்ள சதையையும் ரத்த ஓட்டத்தையும் அதிகம் கலைக்காததாலும்தான் இப்படி நடக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறாம் மாத எக்ஸ்ரேயில் இடைவெளி மூடியிருந்தது, ஓரங்கள் கூட வழவழப்பாகிவிட்டன.

இனி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வாரங்களின் வலியில் துளை முறைக்குத்தான் வெற்றி. ஆஸ்திரேலியாவில் 50 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்து, ஒரு பாதிக்குத் துளை வழியே செவ்ரானும் ஏகினும், மறு பாதிக்குத் திறந்து ஸ்கார்ஃபும் ஏகினும் செய்து ஒப்பிட்டார்கள். 2017-இல் வந்த ஆய்வு. முதல் நாளிலிருந்து ஆறு வாரம் வரை துளை முறைக்காரர்களுக்கு வலி குறைவு. ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது, எலும்பு நேரான அளவும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அதே கதை. அக்கா முதல் மூன்று ராத்திரி தூங்கவில்லை. நான் இரண்டாம் நாளே வலி மாத்திரையைப் பாதியாக்கினேன். ஒரு வருஷம் கழிந்தபின் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடந்தோம்.

தழும்பிலும் துளைக்கே சாதகம். சின்னப் புண் என்பதால் ஆறுவதும் சுலபம். விரலின் அசைவு நன்றாகத் திரும்புவதற்கும் வாய்ப்பு அதிகம் என்று பல டாக்டர்கள் நினைக்கிறார்கள், மூட்டைத் திறக்காததால். ஸ்க்ரூவில் துளை முறைக்குப் பின்னடைவு. தோலுக்கு அருகில் அதன் தலை நீட்டிக்கொண்டு உரசினால் இன்னொரு முறை போய் எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி ஆகவில்லை, என்னோடு அதே மாதத்தில் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு ஆனது. எக்ஸ்ரே கதிரும் இதில் கொஞ்சம் அதிகம், திரையைப் பார்த்தேதான் வேலை என்பதால். உணர்வு நரம்பு அடிபடுவது, கிருமித் தொற்று, எலும்பு கூடாமல் போவது, சாய்வு திரும்பி வருவது, கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது ஆகியவை இரண்டிலுமே உண்டு. எதையும் யாரும் பூஜ்யம் என்று சொல்ல முடியாது.

செலவைப் பொறுத்தவரை கீறல் சின்னது என்றால் பில்லும் சின்னது என்று நினைக்க வேண்டாம். தனி இயந்திரம், தனி ஸ்க்ரூக்கள் என்று சில இடங்களில் துளை முறைதான் கூடுதலாக வரும். ஸ்க்ரூ எத்தனை, ஒன்றுக்கு என்ன விலை என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால், அழகுக்காகச் செய்வது என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் கொடுக்கக் கூடாது. வலி, நடை பாதிப்பு, என்னென்ன முயற்சி செய்து பலிக்கவில்லை என்பதெல்லாம் டாக்டரின் சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தோலில் எவ்வளவு சின்னத் துளை போட்டாலும் எலும்புக்கு அது தெரியாது. இரண்டிலும் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கவிடுவார்கள், உண்மைதான். ஆனால் அடிப்பாகம் வளையாத தனிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பாத்ரூம் வரைக்கும், சாப்பாட்டு மேஜை வரைக்கும். முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்கிவைத்தே இருக்க வேண்டும். தொங்கப்போட்டால் ஐந்து நிமிஷத்தில் பாதம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து விண்ணென்று தெறிக்கும். வீக்கம் முழுதாக வற்ற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு, கால் நீட்ட வசதியிருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் போகலாம். என்னைப் போல நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இரண்டு மாதமாவது வேண்டும். நான் ஏப்ரல் கடைசியில் செய்துகொண்டு கோடை விடுமுறையை அதற்கே கொடுத்தேன். அப்படியும் ஜூனில் நாற்காலி போட்டுத்தான் பாடம் எடுத்தேன்.

அந்தச் செருப்பு நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. வீட்டுக்குள் செருப்புப் போடாத பழக்கம் நமக்கு எலும்பிலேயே ஊறியிருக்கிறது. அக்கா நாலாம் நாள் பூஜை அறை வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு இரண்டடி வைத்துவிட்டாள், ராத்திரி முழுக்க வலி. வெட்டின எலும்பில் பாதம் வளைந்தால் ஸ்க்ரூ இருந்தும் நகரலாம். என் முறை வந்தபோது புதுச் செருப்பை வீட்டுக்கென்றே வைத்து, அடியைத் துடைத்து, ஆறு வாரத்துக்குச் சமையலறை, பூஜை அறை எல்லா இடத்துக்கும் அதோடு போவது என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். மாமியாருக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டின பிறகு அவரே "செருப்பைப் போட்டியாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்க ஆரம்பித்தார். தரையோடு உள்ள கழிப்பறை என்றால் மேலே வைக்கிற ஸ்டூல் வாங்கிவையுங்கள். குந்தி உட்காரும்போது பெருவிரல் முழுசாக மேல்பக்கம் மடங்குகிறது, அப்போது அதற்குத் தாங்காது. வண்டி ஆறு வாரத்துக்குக் கிடையாது. ஸ்கூட்டியாக இருந்தாலும் ஸ்டாண்ட் போடுவதும் கால் ஊன்றுவதும் பாதத்தால்தானே.

நம் ஊர் வாழ்க்கைக்கு இந்தக் குந்துவது, மண்டியிடுவது, சம்மணம் போட்டு எழுவது எல்லாம் முக்கியம். ஆகவே விரல் எவ்வளவு மடங்கும் என்பதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பெருவிரல் மூட்டே தேய்ந்துபோயிருந்தால், அல்லது முடக்குவாதம் இருந்தால், அந்த மூட்டையே இணைத்துவிடச் சொல்வார்கள். வலி போய்விடும், விரல் அதன் பிறகு மடங்காது. தினமும் நமாஸ் செய்கிறவருக்கும், தரையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

யாருக்கு எது என்று என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். சாய்வு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்து, மூட்டு தேயாமல் இருந்து, துளை முறையைத் தொடர்ந்து செய்கிற டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் துளை முறையைத் தேர்ந்தெடுப்பேன். முதல் மாதத்தின் வலி குறைவது சின்ன லாபம் இல்லை. 40 டிகிரிக்கு மேல் சாய்வு, பாதத்தின் நடு மூட்டில் தளர்வு, ஏற்கெனவே செய்து திரும்பி வந்தது என்றால் திறந்து செய்வதற்கே மனசு போகும். கடுமையான சாய்வையும் துளை வழியே சரிசெய்கிற கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. இந்த வேலையில் கை பழக முப்பது நாற்பது ஆபரேஷனாவது ஆகும் என்கிறார்கள். நூறு கால்களைத் திறந்து செய்தவர் இருக்கும்போது, போன மாதம் பயிற்சி முடித்து வந்தவரிடம் துளை முறைக்காகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதனால்தான் மூன்றாவது டாக்டரிடம் நான் முறையைப் பற்றிக் கேட்காமல் அவரைப் பற்றிக் கேட்டேன். இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு மறுபடி உள்ளே போக வேண்டி வந்தது, என் எக்ஸ்ரேயில் எந்த எலும்பில் எங்கே வெட்டுவீர்கள், நடுவில் துளை முறை சரிவரவில்லை என்றால் திறந்து முடித்துவிடுவீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. காகிதத்தில் என் பாதத்தை வரைந்து, வெட்டுகிற இடத்தைக் கோடு போட்டு, "கடைசிக் கேள்விக்குப் பதில் ஆமாம், அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவேன்" என்றார். முதலில் பார்த்த டாக்டர் இதே கேள்விக்கு "அதெல்லாம் நீங்க ஏன் கவலைப்படறீங்க" என்று சொல்லியிருந்தார்.

சுகர் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஆளுக்கு ஆள் இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவராமல், பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்வும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல், எந்த முறையிலும் கத்தி வைக்கக் கூடாது. துளை சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம். புகை பிடிப்பவர்கள் நிறுத்தியாக வேண்டும், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். இரண்டு காலையும் ஒரே நாளில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். செய்கிறார்கள்தான். ஊன்றிக்கொள்ள ஒரு நல்ல கால்கூட இல்லாமல் ஆறு வாரம் இருப்பதை நினைத்துப் பார்த்து, நான் ஒன்றை மட்டும் செய்துகொண்டேன்.

என் வலது கால் 21 டிகிரியில் நிற்கிறது. வலி இல்லை. முன்பக்கம் அகலமான செருப்புக்கு மாறிவிட்டேன். 1958-இல் ஹாங்காங்கில் எடுத்த ஒரு கணக்கில் செருப்பு, ஷூ போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தச் சாய்வு இருந்தது, வெறுங்காலோடு இருந்தவர்களில் சுமார் 2 சதவீதம்தான். அம்மாவிடமிருந்து வந்த எலும்பை மாற்ற முடியாது, அதை நெருக்குவதையாவது நிறுத்தலாம். கல்லூரிக்குப் போகிற என் மகளின் காலிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் கடையில் கூர்முனை ஷூ ஒன்றைக் கையில் எடுத்தவள், என் இடது காலில் இருக்கிற ஐந்து சின்னப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, அகலமானதில் வேறு நிறம் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டாள்.